எந்த நாட்டில் பதிவுத் திருமணம்? இந்திய–ஜெர்மானிய இணையர் முன் உள்ள வழிகள்

தமிழ்நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த ஒருவர் வேறொரு நாட்டவரை மணக்க முடிவு செய்து, இரு வீட்டாரும் சம்மதித்து, விருந்துக்கு மண்டபம்கூடப் பேசி முடித்த பிறகும், ஒரு கேள்வியில் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்: சட்டப்படியான பதிவை எந்த நாட்டில் வைத்துக்கொள்வது? டென்மார்க்கில் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் நம் ஊரில் செல்லும் என்கிறார் ஊரிலிருக்கும் பெரியப்பா. ஜெர்மன் பதிவகத்திலோ ஒரு பக்கம் நிறைய ஆவணப் பட்டியலைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு; ஆனால் மூவரும் வெவ்வேறு சூழலில் உள்ள இணையரை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்பதால்தான் குழப்பம் கூடுகிறது.

இந்த ஒப்பீடு, ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டும் மற்றவர் ஜெர்மன் கடவுச்சீட்டோ வேறு நாட்டுக் கடவுச்சீட்டோ வைத்திருக்கும் இணையருக்காக எழுதப்படுகிறது. தாலி கட்டுவதும் மாலை மாற்றுவதும் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். இங்கே பேசப்படுவது பதிவு மட்டுமே.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோலே முதன்மையான அளவுகோல்: உங்கள் திருமணச் சான்றிதழ் முதன்முதலில் எந்த அலுவலகத்தின் மேசைக்குப் போகப்போகிறது? ஜெர்மனியின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கா, சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் விசாப் பிரிவுக்கா, இந்தியக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கா? அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் எந்த நாட்டுத் தாளை மறுகேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்வார் என்பதிலிருந்து பின்னோக்கி யோசித்தால், பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எங்கே மணம் முடிப்பது எளிது என்று பார்த்துவிட்டு, சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு அலைகிறார்கள்.

இரண்டாவது, மணமாவதற்கு முன்பே கேட்கப்படும் தாள்கள். மூன்றாவது, காலம், அதிலும் குறிப்பாக இருவரும் ஒரே ஊரில் எத்தனை நாள் தங்கியாக வேண்டும் என்பது, ஏனெனில் வேலையில் இருப்பவருக்கு விடுப்புதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. நான்காவது, செலவு, இதில் கட்டணம் சிறு பகுதி, மொழிபெயர்ப்பும் சரிபார்ப்பும் பயணமும் பெரும் பகுதி. ஐந்தாவது, மணமானபின் சேர்ந்து வாழ்வதற்கான வசிப்புரிமை கிடைக்கும் பாதை.

மணம் முடித்த நாடு எதைத் தீர்மானிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டென்மார்க்கில் மணந்தால் டென்மார்க்கில் வாழும் உரிமை வராது. சொத்துரிமையும் மணந்த இடத்தைப் பொறுத்ததன்று: 2019 ஜனவரி 29 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி, அதில் பங்குகொண்டுள்ள ஜெர்மனி போன்ற நாடுகளில், இணையர் வேறு சட்டத்தைத் தேர்ந்து எழுதி வைக்காதவரை, மணத்துக்குப் பின் அவர்கள் முதலில் சேர்ந்து குடியிருந்த நாட்டின் சட்டமே பொதுவாகப் பொருந்தும். ஆகவே டென்மார்க்கின் ஏரோ தீவில் மணந்து மியூனிக்கில் குடித்தனம் நடத்துபவர்களின் சொத்து விவகாரத்தை ஜெர்மன் சட்டமே தீர்க்கும்.

விரிவாகப் பார்க்கும் முன் ஒரு பார்வைக்கு:

| வழி | பதிவுக்கு முன் ஆகும் காலம் | கடினமான பகுதி | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| டென்மார்க் | சில வாரம் | ஷெங்கன் பகுதிக்குள் (பொது விசா கொண்ட ஐரோப்பிய நாடுகள்) சட்டப்படி நுழையும் உரிமை | இருவரும் ஏற்கெனவே ஐரோப்பாவில் வசிப்போர் |
| ஜெர்மன் பதிவகம் | பல மாதம் | இந்திய ஆவணச் சரிபார்ப்பு | அவசரமில்லாதோர் |
| சென்னை, சிறப்புத் திருமணச் சட்டம் | ஏறத்தாழ இரண்டு மாதம் | 30 நாள் குடியிருப்பு, 30 நாள் அறிவிப்பு | ஒருவர் தமிழ்நாட்டில் வசிக்கும் இணையர் |
| இந்தியத் தூதரகம் | ஏறத்தாழ இரண்டு மாதம் | உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்க வேண்டும் | மிகச் சிலர் |
| அபுதாபி | சில நாள் | சான்றிதழுக்கான தொடர் சான்றொப்பங்கள் | வளைகுடாவில் வசிப்போர் |

## டென்மார்க்

2019 ஜனவரி 1 முதல், வெளிநாட்டவர் டென்மார்க்கில் மணக்க விரும்பினால் குடும்பச் சட்ட முகமையிடம் இணையவழியில் விண்ணப்பித்து, மணக்கத் தடையில்லை என்ற சான்றை முதலில் பெற வேண்டும். அதற்கு முன் ஒவ்வோர் ஊராட்சியும் தனித்தனியே இதைப் பார்த்து வந்தது. போலித் திருமணங்களைத் தடுக்கவே இதை ஒரே அலுவலகத்தின்கீழ்க் கொண்டுவந்தார்கள். தொடங்கிய ஆண்டில் 1,650 குரோனராக இருந்த கட்டணம் இப்போது 2,000 குரோனரை ஒட்டி, அதாவது ஏறத்தாழ 270 யூரோ அளவில் நிற்கிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. எல்லா ஆவணமும் முழுமையாகச் சேர்ந்தபின் ஐந்து வேலை நாளில் முடிவு சொல்வதே முகமையின் இலக்கு. கிடைக்கும் சான்று நான்கு மாதம் செல்லும்; அதற்குள் எந்த ஊராட்சியிலும் மணக்கலாம். கோபன்ஹேகன் நகர மன்றம், ஜெர்மன் எல்லையை ஒட்டிய டோண்டர், ஏரோ தீவின் ஏரோஸ்கோபிங் ஆகியவை வெளிநாட்டு இணையர் அதிகம் நாடும் இடங்கள்.

இந்தியருக்கு டென்மார்க் இவ்வளவு எளிதாக இருப்பதற்குக் காரணம், மற்ற நாடுகள் கேட்கும் தாள்களை அது கேட்பதில்லை என்பதே. முன்பு மணமாகாதவராக இருந்தால், கடவுச்சீட்டும் வசிப்பு அட்டையும், உறவு உண்மையானது என்று காட்டும் ஆவணங்களுமே அடிப்படை. ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவழைக்க வேண்டியதில்லை. வட்டாட்சியரின் மணமாகாதவர் சான்றிதழுக்காக அப்பா இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சாட்சிகள் இருவரையும்கூட ஊராட்சியே ஏற்பாடு செய்து தரும். சான்றிதழ் டேனிஷ், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய ஐந்து மொழிகளில் வருவதால் ஜெர்மன் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்புச் செலவு இல்லை. 2019 பிப்ரவரி 16 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே இத்தகைய சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரையும் (அரசு ஆவணம் உண்மையானது என்று அயல்நாடுகளுக்கு உறுதிசொல்லும் முத்திரை) தேவையில்லை. இந்தியாவுக்குக் காட்ட மட்டும் டென்மார்க் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. முகவர் நிறுவனங்கள் சில நூறு யூரோ வாங்கிக்கொண்டு செய்வது பெரும்பாலும் நீங்களே நிரப்பக்கூடிய அதே விண்ணப்பத்தைத்தான். இருவருக்கும் முதல் திருமணம், இருவரிடமும் செல்லுபடியாகும் வசிப்பு அட்டை என்றால் முகவர் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. மூல ஆவணங்களை நேரில் காட்ட மணநாளுக்கு முந்தைய வேலை நாளிலேயே வரச் சொல்லும் ஊராட்சிகள் உண்டு. ஆகவே ஒரு நாள் பயணமாகத் திட்டமிடாமல் இரண்டு இரவுக்குத் தங்குமிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். வசிப்பு அட்டை காலாவதியாகி, புதுப்பிப்பு நிலுவையில் உள்ளது என்ற தற்காலிகத் தாள் மட்டும் கையில் இருப்பவர், அதை வைத்து எல்லை கடந்து திரும்பி வர முடியுமா என்பதை வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே பயணச்சீட்டு வாங்க வேண்டும்.

இனி, பலரைக் கவிழ்த்த இடம். இந்தியர் சென்னையில் இருக்கிறார், ஜெர்மானியர் ஹாம்பர்க்கில் இருக்கிறார். இந்தியர் ஷெங்கன் சுற்றுலா விசாவில் வந்து, டென்மார்க்கில் மணம் முடித்து, அப்படியே ஜெர்மனியில் தங்கிவிடலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஜெர்மன் அலுவலகங்களின் நிலைப்பாடு வேறு: குறுகிய கால விசாவில் வந்தவர் டென்மார்க்கில் மணந்துவிட்டு ஜெர்மனிக்குள் மீண்டும் நுழையும்போது, குடும்பத்துடன் சேரும் உரிமை அந்தக் கடைசி நுழைவுக்கு முன்பே உருவாகிவிட்டது, ஆகவே உள்நாட்டிலேயே வசிப்பு அட்டை கேட்க முடியாது, நாடு திரும்பி முறையான குடும்ப விசா எடுத்து வர வேண்டும். நீதிமன்றங்களும் இந்த வாதத்தை ஏற்றிருக்கின்றன. திருமணம் செல்லும், ஆனால் மணமக்கள் பிரிந்து, ஒருவர் சென்னைக்குத் திரும்பி, ஜெர்மன் மொழியின் தொடக்கநிலைத் தேர்வான ஏ1 எழுதி, விசாவுக்குக் காத்திருக்க வேண்டும். விசா விண்ணப்பத்தில் பயண நோக்கத்தை மறைத்து எழுதியது தெரியவந்தால் சிக்கல் இன்னும் பெரிது.

## ஜெர்மன் பதிவகம்

ஊரிலேயே இருக்கும் அலுவலகம், ஊரறிந்த சான்றிதழ், நண்பர்கள் வந்து வாழ்த்தும் வசதி என்று பார்த்தால் இதுவே இயல்பான வழி. ஜெர்மனி வழங்கும் சான்றிதழை ஜெர்மனியில் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. பதிவகக் கட்டணமும் பெரிதன்று. சிக்கல் முழுவதும் இந்தியத் தாள்களில் இருக்கிறது.

ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 1309ஆம் பிரிவின்படி, வெளிநாட்டவர் தம் நாட்டிலிருந்து திருமணத் தகுதிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். அந்த வடிவிலான சான்றிதழை இந்தியா வழங்குவதில்லை என்பதால், மாநில உயர் நீதிமன்றத் தலைவரிடம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பதிவகமே அதை அனுப்பி வைக்கும். வருமானத்தைப் பொறுத்து இதற்கு 15 முதல் 305 யூரோ வரை கட்டணம். விலக்குக் கொடுக்கும் முன் அந்த நீதிமன்றம் இந்தியப் பிறப்புச் சான்றிதழும் மணமாகாதவர் சான்றும் உண்மையா என்று அறிய விரும்புகிறது. இந்தியா 2005 ஜூலை 14 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருந்தாலும், ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால் இவ்விரு நாடுகளுக்கிடையே அது செயல்படுவதில்லை. டெல்லி வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையை ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஜெர்மன் பதிவகத்துக்கு அது போதாது. மாறாக, ஜெர்மன் தூதரகம் நியமிக்கும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் ஆவணம் வழங்கிய அலுவலகத்துக்கே போய்ப் பதிவேட்டைப் பார்த்து, தேவைப்பட்டால் பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்து அறிக்கை தருகிறார். இதற்குச் சில நூறு யூரோவும் பல மாதமும் ஆகும்.

இந்தச் சரிபார்ப்பு நம் ஊர்த் தாள்களோடு மோதும் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கும்பகோணத்துப் பக்கம் பேரூராட்சி ஒன்றில் 1990களில் பதிவான பிறப்பை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்குப் பெயர் வைக்குமுன்பே பதிவு செய்திருப்பார்கள். பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெற்றாக இருக்கும். தந்தையின் பெயர் 'க. முருகேசன்' என்றிருக்கும், மகளின் கடவுச்சீட்டிலோ 'முருகேசன்' என்பதே குடும்பப் பெயராக ஏறியிருக்கும். தாய் ஒரு தாளில் 'செல்வி', இன்னொன்றில் 'தமிழ்ச்செல்வி'. நமக்கு இவை மூன்றும் ஒரே குடும்பத்தைத்தான் குறிக்கின்றன என்பதில் ஐயமே வராது. ஜெர்மன் பதிவக அலுவலருக்கு இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தமோ உறுதிமொழிப் பத்திரமோ வேண்டும், ஒவ்வொன்றையும் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஜெர்மனில் பெயர்க்க வேண்டும். ஆகவே ஜெர்மன் பதிவகத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் செய்ய வேண்டியது, ஊரில் பிறப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்து, பெற்றோர் பெயரைக் கடவுச்சீட்டோடு பொருந்தும்படி திருத்தி வாங்குவதே. இந்த வேலை முடியாமல் பட்டியலின் மற்ற தாள்களைச் சேர்ப்பது வீண் செலவு.

இன்னொரு விதி: விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் ஆறு மாதத்துக்குள் மணந்துவிட வேண்டும். பெற்றோரின் விசாவுக்காகக் காத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு இந்த வழியில் ஒரு பெரும் நன்மை இருக்கிறது. ஒருமுறை சரிபார்க்கப்பட்ட பிறப்புச் சான்றிதழ், பின்னாளில் குழந்தை பிறந்து ஜெர்மனியில் பதியும்போது மீண்டும் உதவும். டென்மார்க்கில் மணந்தவர்கள் ஒத்திவைத்த வேலை, பலருக்குக் குழந்தையின் பிறப்புப் பதிவின்போது வந்து நிற்கிறது: பெற்றோரின் பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொல்வார்கள், அது கையில் இல்லை என்றால் குழந்தையின் சான்றிதழில் பெற்றோரின் அடையாளம் மெய்ப்பிக்கப்படவில்லை என்ற குறிப்பு ஏறக்கூடும். டென்மார்க்கைத் தேர்ந்தவர்களும் ஊர்த் தாள்களைத் திருத்தும் வேலையை மணத்துக்குப் பின் ஆறப்போடக் கூடாது.

## சென்னை: சிறப்புத் திருமணச் சட்டம்

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மதமும் குடியுரிமையும் எதுவாயினும் மணக்கலாம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்தபின் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்பு 30 நாள் அலுவலகப் பலகையில் தொங்கும். அதன்பின், அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகளோடு மணக்க வேண்டும். கட்டணம் மிகச் சிறிது. ஆனால் 30ஐயும் 30ஐயும் கூட்டினால் இரண்டு மாதம். ஜெர்மனியில் வேலை பார்ப்பவருக்கு இது ஓராண்டில் கிடைக்கும் மொத்த விடுப்பையும் தாண்டிவிடுகிறது. இருவரில் ஒருவர் ஏற்கெனவே தமிழ்நாட்டில் வசிப்பவரானால் மட்டுமே இந்த வழி நடைமுறையில் எளிது.

பலகையில் அறிவிப்புத் தொங்குவது எல்லா இணையருக்கும் சிறு விஷயமன்று. பெயர், முகவரி, புகைப்படத்தோடு யாரும் பார்க்கும்படி ஒட்டப்படும் அந்தத் தாள், சாதி அல்லது மதம் காரணமாக வீட்டில் எதிர்ப்பு உள்ளவர்களுக்கு நேரடியான ஆபத்தாக முடியலாம். அத்தகைய இணையர் வேறு நாட்டில் பதிந்துகொள்வதே பாதுகாப்பு என்று தயங்காமல் சொல்வேன்.

கோவிலில் தாலி கட்டி, இந்துத் திருமணச் சட்டத்தில் பதிந்துவிட்டால் எளிதாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. அச்சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் என்றிருந்த நிலையில் அச்சட்டத்தின்கீழ் நடந்த திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாடு தந்த சட்ட ஏற்பும் இதே சட்டத்தின் 7அ பிரிவாக இருப்பதால், அதற்கும் இந்த வரம்பு உண்டு. சடங்கைக் கோவிலில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவைச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணத்துக்காக மட்டும் பெயரளவில் மதம் மாறிப் பதிவது, பின்னாளில் யாராவது வழக்குத் தொடுத்தால் திருமணத்தையே ஆட்டிப்பார்க்கும்.

இந்த வழியில் எதிர்பாராத திருப்பம் ஒன்று இருக்கிறது. சென்னை அலுவலகம் வெளிநாட்டவரிடம் அவர் நாட்டின் தடையின்மைச் சான்றைக் கேட்கும். ஜெர்மானியர் அதற்காகத் தம் ஊர்ப் பதிவகத்தில் திருமணத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது ஆறு மாதம் மட்டுமே செல்லும். அதை வழங்கும் முன் ஜெர்மன் பதிவகம் மணக்கப்போகும் இந்தியரின் தாள்களையும் பார்க்கும். தேவைப்பட்டால் அதே சரிபார்ப்பைக் கேட்கும். ஆக, ஜெர்மன் தாள்வேலையிலிருந்து தப்பிக்கவே சென்னைக்கு வந்தவர், அதே வாசலில் மறுபடி போய் நிற்கிறார். மணமானபின் சென்னைச் சான்றிதழை ஜெர்மனியில் காட்டும்போதும், மேலே சொன்ன அப்போஸ்டில் சிக்கல் காரணமாக, தூதரக வழக்கறிஞர் சரிபார்க்க வேண்டும் என்று கேட்கப்படலாம். மற்றவர் ஜெர்மானியராக அல்லாமல், இந்திய அப்போஸ்டிலை ஏற்கும் பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற நாட்டவராக இருந்து அங்கேயே குடியேறப்போகிறார் என்றால், சான்றிதழ் அளவில் இந்தத் தடை பெரிதும் குறைந்துவிடும்.

## இந்தியத் தூதரகம்

1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டம், இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் தூதரக அலுவலர் முன்பு மணக்க வழி செய்கிறது. இங்கும் 30 நாள் குடியிருப்பு, 30 நாள் அறிவிப்பு. ஆனால் உள்ளூர்ச் சட்டம் இடம் தந்தால்தான் அலுவலர் முன்வருவார். ஜெர்மனியில், மணமக்களில் ஒருவர் ஜெர்மானியர் என்றால் ஜெர்மன் பதிவகத்தில் மணந்தால்தான் அந்த மணம் அங்கே செல்லும். இருவருமே ஜெர்மானியர் அல்லாதவர் என்றால் மட்டுமே, அவர்களில் ஒருவரின் அரசு அதிகாரம் அளித்த அலுவலர் முன்பு மணப்பதற்கு இடமுண்டு. ஆகவே இந்திய–ஜெர்மானிய இணையருக்கு ஜெர்மனியில் இந்த வழி அடைபட்டது. வெளிநாட்டில் உள்ளூர்ச் சட்டப்படி மணந்துவிட்டு, இந்தியப் பதிவும் வேண்டும் என்பவர்கள் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவில் பின்னர்ப் பதிந்துகொள்ளலாம். அந்தப் பயன்பாடுதான் இன்று பெரும்பாலோருக்குப் பொருந்துவது.

## அபுதாபி

வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்கள், அங்கேயே பழகிய பிலிப்பினோ அல்லது ஐரோப்பிய இணையரை மணப்பது புதிதன்று. முன்பு இவர்கள் ஜார்ஜியாவுக்கோ சைப்ரஸுக்கோ பறந்து போனார்கள். அபுதாபி 2021இல் முஸ்லிம் அல்லாதோருக்கான குடிமைத் திருமணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2023 பிப்ரவரி 1 முதல் ஐக்கிய அரபு அமீரகம் முழுமைக்கும் அதுபோன்ற கூட்டாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அபுதாபியில் சுற்றுலா விசாவில் வந்தவர்களும் மணக்கலாம். வழக்கமான கட்டணம் 300 திர்ஹம், விரைவுச் சேவைக்கு 800 திர்ஹம். சான்றிதழ் அரபியிலும் ஆங்கிலத்திலும் வரும்.

செலவு அதற்குப்பின் தொடங்குகிறது. அப்போஸ்டில் என்ற ஒற்றை முத்திரையில் முடியாமல், அமீரக வெளியுறவு அமைச்சகம், பிறகு சான்றிதழைப் பயன்படுத்தப்போகும் நாட்டின் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். இரு நாட்டில் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் இரண்டு வரிசை. சான்றொப்பம் பெறும் நாள்களையும் சேர்த்துத் திட்டமிடாமல் வார இறுதியில் பறந்து வருபவர்கள், முகவருக்குப் பணம் கட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்ப நேரும். வளைகுடாவிலேயே வசிப்பவர்களுக்கு இது சிறந்த வழி. ஜெர்மனியில் இருப்பவர்கள் டென்மார்க்கை விட்டுவிட்டு இங்கே வருவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

## வேண்டவே வேண்டாத ஒன்று

அமெரிக்காவின் யூட்டா மாநிலம் காணொளி வழியே நடத்தும் திருமணம் மலிவாகவும் உடனடியாகவும் கிடைக்கிறது என்பதால் பலர் அதை நாடுகிறார்கள். மணமக்கள் ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு கணினி முன் சம்மதம் சொன்னால், அந்தச் சம்மதம் ஜெர்மனியில் சொல்லப்பட்டதாகவே கொள்ளப்படும், எனவே ஜெர்மன் பதிவகத்தில் நடக்காத அத்திருமணம் செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச குடிமை நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்துவிட்டது. ஜெர்மனியில் இருந்தபடி இதைச் செய்தவர்கள் வசிப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் தாங்கள் சட்டப்படி மணமாகாதவர்கள் என்று அறிகிறார்கள்.

## எந்த இணையருக்கு எது

இருவரும் ஜெர்மனியில் செல்லுபடியாகும் வசிப்புரிமையோடு இருக்கிறார்கள், இருவருக்கும் முதல் திருமணம்: டென்மார்க். இந்தியர் மாணவராகவோ நீல அட்டை (உயர்தகுதிப் பணியாளருக்கான வசிப்பு அட்டை) வைத்திருப்பவராகவோ இருந்தால், கடைசி நுழைவு குறித்த சிக்கல் அவரைத் தொடாது. மற்றவர் ஜெர்மானியர் அல்லாத ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன், எடுத்துக்காட்டாக ஜெர்மனியில் வேலை பார்க்கும் இத்தாலியர் என்றால், இந்தியத் துணைவருக்குத் தங்கிவாழும் உரிமை ஒன்றியச் சட்டத்திலிருந்தே வருகிறது. ஏ1 தேர்வும் தேவையில்லை.

ஒருவர் தமிழ்நாட்டில், மற்றவர் ஜெர்மனியில்: இங்கே என் தேர்வு, அவசரமில்லை என்றால், திருமணத்துக்கான தேசிய விசா (நீண்டகாலம் தங்குவதற்கான விசா) எடுத்து ஜெர்மன் பதிவகத்தில் மணப்பது. தாள்வேலை முன்கூட்டியே முடிந்துவிடும். மணமானபின் பிரிந்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர் முன்னிலையில் ஊரில்தான் பதிவும் நடக்க வேண்டும் என்ற விருப்பம் வலுவாக இருந்தால் சென்னை. ஆனால் மணநாளுக்குப் பிறகு குடும்ப விசாவுக்குப் பல மாதம் தனித்தனியே காத்திருக்க வேண்டும் என்பதை இரு வீட்டாரிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊரில் அதைச் சொல்லாமல் விட்டால், 'கல்யாணமாகி ஏன் இங்கேயே இருக்கிறாள்' என்ற கேள்வியை அந்தப் பெண்தான் தினமும் சுமக்க வேண்டிவரும்.

முன்பு மணமுறிவு ஆனவர்கள் எந்த வழியானாலும் தீர்ப்பின் நகலை முதலில் எடுத்து வைக்க வேண்டும். வெளிநாட்டு நீதிமன்றம் தந்த மணமுறிவை இந்தியா எப்போது ஏற்கும் என்பதற்கு 1991ஆம் ஆண்டின் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரம்புகள் வகுத்திருக்கிறது; மறுபுறம் ஜெர்மனியும், மணமுறிவு பெற்ற இருவரும் தீர்ப்பளித்த நாட்டின் குடிமக்களாக இல்லாதபோது, அத்தீர்ப்பைப் பொதுவாகத் தனியே ஏற்று அறிவிக்க வேண்டும் என்கிறது. இந்த இடத்தில் மட்டும் வழக்கறிஞருக்குச் செலவழிப்பது தகும்.

ஒரே பாலின இணையர்க்கு டென்மார்க் 2012 முதலும் ஜெர்மனி 2017 முதலும் திருமண உரிமை அளித்துள்ளன. இந்தியாவில், 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்ததால், சென்னையும் தூதரகமும் அவர்களுக்கு வழியல்ல. அவர்களது திருமணம் டென்மார்க், ஜெர்மனி போல அதை ஏற்ற நாடுகளில் முழுமையாகச் செல்லும்; இந்தியாவில் வாரிசுரிமை, மருத்துவ முடிவு போன்றவற்றுக்கு உயிலும் அதிகாரப் பத்திரமும் தனியே எழுதி வைக்க வேண்டும்.

## நாளைக் குறிக்கும் முன்

பதிவு நடக்கும் நாளும் பணத்தோடு தொடர்புடையது. ஜெர்மனியில் இருவரும் வசித்து, சேர்ந்து வாழ்ந்தால், ஆண்டின் கடைசி நாளில் மணந்தாலும் அந்த ஆண்டு முழுமைக்கும் இணையராக வருமான வரி கணக்கிடப்படும். ஒருவர் வருமானம் மற்றவரைவிட மிகக் கூடுதலாக இருந்தால் டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையே ஆயிரக்கணக்கான யூரோ வித்தியாசம் வரலாம். வெளிநாட்டுத் துணைவர் பின்னர் இந்தியாவின் கடல்கடந்த குடிமகன் (ஓசிஐ) அட்டைக்கு விண்ணப்பிக்க, பதிவான திருமணம் தொடர்ச்சியாக இரண்டாண்டு நிலைத்திருக்க வேண்டும். கோவிலில் முன்பே தாலி கட்டியிருந்தாலும் பதிவில்லாத அந்தத் தேதியைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் பதிவைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்கு அதுவே போதிய காரணம்.

பெயர் விஷயத்தையும் நாள் குறிக்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெற்றாக இருப்பவர்கள், ஜெர்மன் சட்டப்படி குடும்பப் பெயரைத் தேர்ந்து அறிவிக்க வேண்டிவரலாம். 2025 மே 1 முதல் ஜெர்மனியில் இருவர் பெயரையும் இணைத்து இரட்டைக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை இருவருக்கும் உண்டு. எதையும் மாற்றாமல், கடவுச்சீட்டில் உள்ளபடியே இருவரும் தம் பெயரை வைத்துக்கொள்வதும் சட்டப்படி முழுமையாகச் செல்லும். அவ்வாறு செய்தால் கடவுச்சீட்டு, வசிப்பு அட்டை, வங்கிக் கணக்கு, ஆதார் என்று எதையும் திருத்த வேண்டியதில்லை.